திட்டாமல் இறங்கி வந்த பிள்ளைகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பிள்ளைகள் இருவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் போன வேலையை முடித்து நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். போனில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே என்பாய். முதியோர் வகுப்பில் சேர்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, இப்போதுதான் ஒரு முழுக் கடிதம் எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன். இனிமேல் போனை யார் தொடுவார்கள்? ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் கை எழுதுகிறது. அதனால் மெதுவாகத்தான் போகும்.

முதலில் நீ சந்தோஷப்படும் சேதி. பிள்ளைகளின் வாய் சுத்தமாகிவிட்டது. போன வாரம் என்னைக் காய்ச்சி எடுத்தாயே, "அப்பா, கிளாஸ்ல டீச்சர் பேர் கூப்பிட்டா, 'இருக்கேன்டி எருமை'ங்கறாளாம் உங்க பேத்தி. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று. நான்தான். நான் கிணறு வெட்டும் இடத்தில் மேலே நின்று கயிறு இழுத்தவன். ஆழக் கிணற்றில் "இருக்கியா?" என்று கேட்டால் கிணறும் "இருக்கியா?" என்று கேட்கும். கீழே ஆள் உயிரோடு இருக்கிறானா என்று எப்படித் தெரியும்? அதனால் கீழே இருப்பவன் என்னைத் திட்ட வேண்டும். கிணறு தானாகத் திட்டாது. கயிறு வரும் வரை நின்ற இடத்தை விட்டு அசையாமல் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அதை விளையாட்டாக உன் பிள்ளைகள் கட்டெறும்புக்கும் பூசணிக்கும் பழக்கினேன். பெரியவள் கட்டெறும்பு சுருக்கென்று பிடித்துக்கொண்டாள். சின்னவன் பூசணிக்கு வாயில் 'எலும' என்றுதான் வரும்.

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி மலைக்கு இருவரையும் கூட்டிப்போனேன். கிளம்பும்போதே, "இனிமே தாத்தாவத் திட்டக் கூடாது, அம்மா உத்தரவு" என்றேன். கட்டெறும்பு இடுப்பில் கை வைத்து, "அப்ப நாங்க தொலைஞ்சு போனா என்ன பண்றதாம்?" என்றாள். சின்ன மலைதானே, யார் தொலையப் போகிறார்கள் என்று சிரித்தேன். வழியெல்லாம் புல்லும் ஓடையும் மஞ்சள் பூவும் அப்படி ஒரு அழகு. ஆனால் நான் பார்த்தது பலகைகளை. பூப் பறிக்காதீர், குப்பை போடாதீர், ஒன்று விடாமல் படித்தேன். பூசணி, "தாத்தா, பலக நம்ம கூட வலாது, நீ வா" என்று சட்டையை இழுத்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாசி பிடித்த பழைய பலகை ஒன்று. 'பனி இறங்கினால்' என்று கூட்டிப் படித்தேன். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் பனி இறங்கிப் பலகையையே மறைத்துவிட்டது. திரும்பினால் பிள்ளைகளைக் காணவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. "இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"இருக்கீங்களா?" என்று பக்கத்திலேயே இரண்டு குரல். திட்டு இல்லை. என் நலத்தையே திருப்பி விசாரிக்கிறார்கள். உன் உத்தரவுக்கு எவ்வளவு மரியாதை பார். மேலே எங்கேயோ யாரோ யாரையோ ஏசுவது போலவும் இருந்தது, வார்த்தை பிடிபடவில்லை. அதற்குள் இரண்டு சின்னக் கைகள் என் கையைப் பிடித்துக்கொண்டன. பனியில் நனைந்த கைகள், கிணற்று அடிமண் போலச் சில்லென்று இருந்தன. அப்படியே இறங்கிவிட்டோம்.

அடிவாரத்தில் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பனியில மாட்டிக்கிட்டீங்களா பெரியவரே? பேசாம நின்னீங்கல்ல? கூப்பிடலியே?"

"கூப்பிடாம எப்படிப்பா? கூப்பிட்டதும் வந்து கையப் பிடிச்சுக்கிச்சுங்க."

அவர் ரேடியோவை அணைத்தார். "மேல வழியெல்லாம் சேறாச்சே" என்று பிள்ளைகளின் செருப்பைப் பார்த்தார். ஒரு பொட்டுச் சேறு இல்லை. கழுவும் வேலையே இல்லை. "குட்டிங்களா, உங்க வீடு எங்க?" என்றார். "உங்க வீடு எங்க?" என்றார்கள் இருவரும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. வேலையில் அலுப்புப் போல.

வீட்டுக்கு வந்தும் அதே அடக்கம்தான். "சாப்பிடறீங்களா?" என்றால், "சாப்பிடறீங்களா?" என்று என்னை முதலில் உபசரிக்கிறார்கள். பூசணியின் தட்டு வைத்தபடியே இருக்கிறது. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. நான் எழுதுவதை என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தீர்க்காயுசாக இருங்கள்.

கையெழுத்துப் பழகிய உன் அப்பா.

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்பாதே. பொழுது சாய்வதற்கு முன்பே காவலாளி வந்து கதவைத் தட்டினார். "பெரியவரே, பனி விலகிடுச்சு. மேலருந்து ரெண்டு சின்னக் குரலு உங்களக் கண்டபடி திட்டுது" என்றார். பின்கதவைத் திறந்தேன். "இருக்கோம்டா கிழட்டு எருமை" என்று மலையிலிருந்து கட்டெறும்பின் குரல், தொண்டை கட்டிப் போய். அதற்குப் பின்னால் 'எலும' என்று ஒரு குரல். நின்ற இடத்தை விட்டு அசையாமல், நான் பழக்கியபடியே திட்டிக்கொண்டிருக்கிறார்கள், என் தங்கங்கள். காவலாளி டார்ச் எடுக்கப் போயிருக்கிறார். என் பழைய கயிறு தோளில் இருக்கிறது. அவர் வந்ததும் கிளம்புகிறோம். இனி அவர்கள் திட்டுவதை நீ தடுக்காதே. திட்டு கேட்கிற வரைக்கும் பயமில்லை. 'நீ கவலைப்படாதே' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இப்போது எழுதினேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு குரல்கள், "நீ கவலைப்படாதே" என்றன.