குரொய்டனைத் தாண்டியவன்

இங்கிலாந்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவனைப் போல ஒரு சகிக்க முடியாத பிராணி உலகத்தில் கிடையாது. எழுபதுகளின் நடுவில் சிட்னியில் அந்தப் பிராணி நான்தான்.

லண்டனுக்குத் தெற்கே குரொய்டன் என்ற ஊரில் ஒரு பின்னறையில் குடியிருந்தேன். கொங்கிரீட் கட்டடங்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் லண்டன், ஒரு மணித்தியாலத்தில் கடற்கரை. (அதைவிட்டுச் சுலபமாக வெளியேறலாம் என்பதுதான் அந்த ஊரின் ஒரே அழகு. அது அப்போது எனக்கு விளங்கவில்லை.) சிட்னியில் எதைக் கண்டாலும் "எங்கட குரொய்டனில..." என்று தொடங்கிவிடுவேன்.

சிட்னியிலும் ஒரு குரொய்டன் உண்டு. எனக்குப் பேசியிருந்த மனோகரியின் வீடு அங்கேதான். பெண் பார்க்கப் புறப்பட்டபோது, சிட்னியின் மேற்குப் புறமான வென்ட்வேர்த்வில்லில் என்னோடு அறையில் இருந்த சிவம் எச்சரித்தான்.

"மச்சான், போர்டை வாசிச்சுப்போட்டு ஏறு. எல்லா ரயிலும் அங்க நிக்காது."

"குரொய்டனில நிக்காத ரயிலும் இருக்கோ?" என்று சிரித்துவிட்டு, முதலில் வந்த ரயிலில் ஏறினேன்.

குரொய்டன் மேடையில், படத்தில் பார்த்திருந்த மனோகரியும் அவள் அப்பாவும் காத்து நிற்பது தெரிந்தது. எழுந்து டையைச் சரிசெய்தேன். ரயில் வேகத்தைக் குறைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கை காட்டினேன். நகருக்குள் போய்த்தான் நின்றது. திரும்பும்போதாவது போர்டைப் பார்த்தேனா? (மூளை இருந்தால்தானே!) எதிர்த்திசையில் மறுபடியும் அவர்களைக் கடந்தேன். மறுபடியும் கை காட்டினேன்.

கடைசியில் அங்கே நிற்கிற ரயிலொன்றைப் பிடித்து, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வீட்டு வாசலில் நின்றேன்.

"தம்பி, உம்மை ரெண்டு தரம் கண்டனாங்கள்," என்று சொல்லி அவள் அப்பா என்னை உள்ளே இருத்தினார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் வேறு எதையோ சொன்னது. "அங்கிள், இங்கிலாந்துக் குரொய்டனில ரயில் கட்டாயம் நிக்கும்."

"அவ்வளவு திறமான ஊரெண்டா ஏன் விட்டிட்டு வந்தனீர்?"

தேநீரோடு வைத்திருந்த பட்டிஸ் பலகாரத்தை அவசரமாக வாய்க்குள் திணித்தேன். குசினிக்குள் மனோகரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் திரும்பினேன். ஆனால் அவள் சம்மதித்துவிட்டாள். "வேற ஆள் எண்டா ரயில் பழுதெண்டு பொய் சொல்லியிருக்கும். இவருக்கு அதுக்கும் மூளை இல்லை," என்றாளாம்.

கறிக்கு உப்புக் கூடினாலும் மகன் பரீட்சையில் வழுக்கினாலும் எங்கள் வீட்டில் "குரொய்டனைத் தாண்டிட்டுது" என்றுதான் சொல்வோம். போன மாதம் வைத்தியர் என் சீனி அளவைப் பார்த்து முகம் சுளித்தபோது, மனோகரி அவரிடமே அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பாவம், அந்த மனிதர் ரயில் நேரம் விசாரிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.