கடல் தெரிந்த கோபுரம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பொய்யே சொல்லமாட்டார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். அது புகழ்ச்சி அல்ல. (சொன்னால் பிடிபட்டுவிடுவார் என்று அர்த்தம்.) காரணத்தை இன்றைக்கு எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவில், மொன்றியல் நகரில் ஓர் அறைக்குள் ஆறு பேராக இருந்தோம். நீங்களும் அம்மாவும் வந்து சேர மூன்று மாதம்தான் இருந்தது. எனக்கோ வீடு கிடைக்கவில்லை. போன இடமெல்லாம், "சின்னப் பிள்ளைகளா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். என்னோடு டவுன்டவுன் உணவகத்தில் சட்டி கழுவிய சிவா அண்ணைதான் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்.

"வீட்டுக்காரர் செக் நாட்டுக் கிழவர். நீ வரேக்க அங்க நிண்டனியெல்லே? அதைச் சொல்லு. மனுசன் உருகி வீட்டுத் திறப்பைத் தந்திடுவார்."

நின்றது உண்மை. கனடா வரும் வழியில், ஒரு சின்னப் பழைய செக் ஊரில், களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் எங்களைப் பத்தொன்பது நாள் மாடி அறையொன்றில் பூட்டி வைத்திருந்தான். சன்னலை மறைத்துக் கம்பளி அடித்திருந்தது. தும்முவதற்கும் அனுமதி வேண்டும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒரு மணியோசை மட்டும். சிவா அண்ணையோடு கிழவரிடம் போனபோது அதையெல்லாம் விழுங்கிவிட்டு, "உங்கள் நாட்டில் இருந்திருக்கிறேன் ஐயா, அழகான ஊர்" என்றேன்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் பிறந்த ஊரே அதுதானாம்! தேநீர் வந்தது. ஆல்பம் வந்தது. (எனக்கு வியர்வை வந்தது.)

"சதுக்கம் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"கொள்ளைநோய் போனதற்கு நேர்ந்து வைத்த தூண்?"

"கும்பிட்டேன்."

"பழைய பியர் வடிசாலை?"

"வெளியில் நின்று மட்டும் பார்த்தேன்." (ஒழுக்கமான குடும்பஸ்தன் என்று காட்ட வேண்டுமே.)

"மணிக்கூட்டுக் கோபுரம்?"

"இரண்டு தரம் ஏறினேன்."

கிழவரின் கண் கலங்கியது. "மேலே நின்றால் என்ன தெரியும், சொல்!"

"எல்லாம் தெரியும் ஐயா. கடல்கூடத் தெரியும்."

யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் உயர ஏறினாலே கடல் தெரியும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

அவர் ஆல்பத்தை மூடினார். "எங்கள் நாட்டுக்குக் கடலே கிடையாது."

மேசைக்குக் கீழே சிவா அண்ணை உதைத்தார். "கடலை எங்கயடா கொண்டுபோய் வைச்சனி, விசரா!"

வீடு போய்விட்டது. இனிப் பொய்யைக் காப்பாற்றி என்ன பயன்? கம்பளி, தும்மல், மணி எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் மூடிய ஆல்பத்தை மறுபடி திறந்தார்.

"மணி பிந்தித்தானே அடித்தது?"

"தெரியாது ஐயா. கைக்கடிகாரத்தையும் ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டான்."

அதற்குத்தான் சிரித்தார். வீடு தந்தார், ஒரு நிபந்தனையோடு: ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் போய் அந்த ஊரின் சரித்திரத்தைக் கேட்க வேண்டும். அவர் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லையாம்.

நான்கு வருடம் கேட்டேன். வாரம் முழுக்கச் சட்டி கழுவிய உடம்பு. அவர் கதையில் சுவீடன் படை ஊரை வளைக்கும்போது கண் சொருகும், விழித்துப் பார்த்தால் ஊர் எரிந்து முடிந்திருக்கும். பார்க்காத ஓர் ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்த தமிழன் வேறு இருக்கமாட்டான்.

இன்றைக்கும் நான் எதையாவது கூட்டிச் சொன்னால் அம்மா, "அப்பாவுக்குக் கடல் தெரிஞ்சிட்டுது" என்பார். நீங்களும் அதைப் பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

வீட்டுத் திறப்புக் கிடைத்த அன்று பின்னேரம், சிவா அண்ணையைப் பஸ் ஏற்றிவிட்டுத் தனியே புது வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் நம் நாலு பேரின் பெயரையும் எழுதி, வாசல் தபால் பெட்டியில் ஒட்டினேன். கோணலாக இருந்தது. உரித்து, நேராக ஒட்டினேன்.