போனட்டு அண்ணனின் முதல் சவாரி

ஓட்டுவதற்காகக் கார் வாங்குகிறவர்கள் உண்டு, ஊருக்குக் காட்டுவதற்காக வாங்குகிறவர்களும் உண்டு. மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பதற்காகக் கார் வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து போனட்டு அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பதிவேடு எழுதும் கிராணி வேலை பார்த்த எனக்கே அது சட்டென்று வாயில் வராது.

அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் வீட்டில் மீன் பொரித்தால் எனக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அவர் பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தால் எனக்குத் தலைவலி வரும். இரண்டாவதுதான் அதிகம் நடந்தது.

எழுபதுகளில் கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். சிவப்புக் கார். அதாவது ஒரு காலத்தில் சிவப்பு. இன்ஜின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு போக முடிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று புதுத் துரை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் லோரியில் கயிறு கட்டி இழுத்துவந்து, என் சன்னலுக்கு நேரே நிறுத்தினார். கோழியும் கூடவே வந்தது.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? டயரைப் பார்ப்பான், பிரேக்கைப் பார்ப்பான். அண்ணன் போனட்டைத் திறந்தார். இன்ஜின் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தைப் புத்தம் புதுசாக ஆக்காமல் காரில் வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மரச்சட்டம் நட்டு, சங்கிலி மாட்டி, இன்ஜினை வெளியே தூக்கினார். பள்ளத்தின் மூலை முடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். அவர் அங்கே தேய்க்க, இங்கே என் பல் கூசும். செம்புக் குழாய்களைப் புளி போட்டுத் துலக்கினார். அந்த மாதம் அவர் வீட்டில் ரசமே கிடையாது.

பெயிண்டு அடிக்கத் தொடங்கியபோதுதான் மலை தன் குணத்தைக் காட்டியது. பழைய ஐஸ்பெட்டி மோட்டாரை வைத்துக் காற்றடைத்து, தானே ஒரு ஸ்ப்ரே சாமான் செய்திருந்தார். அடித்த சமயம் ஜோராக இருக்கும். மத்தியானம் மூடுபனி இறங்கியதும் ஈரம் பட்டு, பெயிண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்பார், மறுபடி அடிப்பார், மறுபடி பூக்கும். எங்கள் மலையில் துணிமணியே அடுப்புக்கு மேலே கொடி கட்டினால்தான் காயும். ஈரமில்லாத இடம் என்றால் வீட்டில் அடுப்படி ஒன்றுதான். அண்ணன் அதைப் பற்றி யோசித்தார். அவர் யோசித்தாலே யாருக்காவது கேடு என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியின் பின்சுவர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு, காரைத் தள்ளி, அதன் மூக்கை வீட்டுக்குள் நுழைத்துவிட்டார். முன்பாதி அடுப்படியில், பின்பாதி மழையில். இடுக்கையெல்லாம் சாக்கு தொங்கவிட்டு அடைத்தார். விறகை மூட்டி அறையைச் சூடாக்குவார், கங்குகளை ஒன்றுவிடாமல் வெளியே அள்ளிக் கொட்டிவிட்டுப் பெயிண்டு அடிப்பார். தோட்டத்து வீட்டுச் சுவரை ஒருவர் கழற்றினால் நான் துரையிடம் சொல்லியாக வேண்டும், சொன்னேன். துரை கோபமாகத்தான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் சுவரை அடியோடு மறந்துவிட்டு, வெகுநேரம் நின்று, ஒரு மூலையில் தூசி இருப்பதாக விரலால் காட்டிவிட்டுப் போனார். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோள் சொன்னதற்காக இல்லை, தூசி இருக்கும்போது ஆளைக் கூட்டிவந்ததற்காக.

இதில் நிஜமாகவே கஷ்டப்பட்டவர் அண்ணி. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, வெளியே ஒரு தகரத்துக்கு அடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தார். சாரல் அடித்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. காரின் மூக்கு உள்ளே நுழைந்த அன்றே அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“செய்யி, நான் தடுக்கல. ஆனா இந்தக் காடி ஓடுற அன்னிக்கு மொத ஆளா நாந்தான் உக்காருவேன். எனக்கு முன்னாடி இன்னொருத்தர் உக்காரக் கூடாது.”

அண்ணியின் ஆசையில் நியாயம் இருந்தது. அவர் கல்யாணமாகி மலைக்கு வந்ததே லோரியின் பின்னால் நின்றுகொண்டு. அதற்குப் பிறகும் லோரி, விட்டால் பஸ். அண்ணன் அடுப்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அதன் பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் அண்ணி வெளியேதான் முறுக்குச் சுட்டார்.

கடைசியில் பள்ளம் முடிந்தது, இன்ஜினும் உள்ளே இறங்கியது. பொய் சொல்லக் கூடாது, அப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை. சிவப்பு என்றால் அப்படிச் சிவப்பு. ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாக மின்னியது. லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். செருப்பை வாசலில் விட வேண்டும், இன்ஜினுக்கு மேலே குனிந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் சீன லோரிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இது ஓடுமா என்று மலாயில் கேட்டார். அண்ணனுக்கு மூஞ்சி சுண்டிவிட்டது.

“ஓடுமான்னு கேக்குறான் பாரு. தாஜ்மகால் ஓடுமா?”

உண்மை என்னவென்றால் அண்ணனுக்கு அதை ஓட்ட மனசு வரவில்லை. ஸ்டார்ட் செய்தால் சூட்டில் பெயிண்டு நிறம் மாறிவிடுமாம். அண்ணி மாதம் ஒருமுறை கேட்பார், அண்ணன் இன்னும் ஒரு கோட் பாக்கி என்பார். அண்ணி குடையை எடுத்துக்கொண்டு சமைக்கப் போவார்.

அப்போதுதான் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கியது. வருஷா வருஷம் ஆத்தா ஊர்வலம் போவது தோட்டத்து லோரியில். அந்த வருஷம் லோரியின் அச்சு முறிந்து கிடந்தது. கோயில் தலைவரான பெரிய கங்காணி, கமிட்டி ஆட்களோடு அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வந்தார். நானும் கமிட்டி என்பதால் கூடப் போனேன்.

கங்காணி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கூர இல்லாத காடி, ஆத்தாவுக்குத் தோதா இருக்கு. புதுசாக்குனதுக்கப்புறம் யாரும் உக்காரவும் இல்ல. அந்த சீட்டுல ஆத்தாவ வச்சிருவோம்லா” என்றார்.

“அந்த சீட்டு பேசியாச்சு,” என்றார் அண்ணன்.

“யாருக்கு?”

“எம் பொண்டாட்டிக்கு.”

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். ஆத்தாவுக்கு இல்லை என்று சொன்ன மனிதனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா லயனுக்கும் போய்விட்டது. அண்ணன் குடும்பத்தைக் கோயிலை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. அண்ணியை விட்டுக்கொடுக்கச் சொல்லும்படி என்னைத் தூது அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதில் இந்தத் தொல்லை வேறு.

அண்ணி தகரத்துக்கு அடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆத்தா ஒரு நாள் போய்வரட்டும், மறுநாளே நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாமே என்று பக்குவமாகச் சொன்னேன்.

“ஆத்தா உக்காந்த எடத்துல மனுசி உக்கார முடியுமா கிராணி? அப்புறம் அது சீட்டு இல்ல, சாமி எடம். மாலையப் போட்டு வெளக்கு வச்சிருவாங்க. நான் காலத்துக்கும் வெளிய நின்னு கும்பிடணும்.” இன்னொரு கட்டுக் கீரையை எடுத்துப் பிரித்தார். “ஆத்தா கிட்டயே போட்டி போடுறேனேன்னு பயமாவும் இருக்கு. ஆனா எனக்கு ஆசையா இருக்கே, நான் என்ன செய்ய?”

சொல்லிவிட்டு அழுதார். தூதும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்து, அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் துணியால் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்துக்கு அவராகவே வந்து நின்றார்.

“ஆத்தாவ போனட்டு மேல ஏத்துங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஆத்தா, பின்னாடி நாங்க. சீட்டு ரெண்டும் எங்க ரெண்டு பேருக்கும்.”

கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். “போனட்டு மேலயா? அப்ப போனட்ட மூடணுமே.”

“மூடிக்கலாம்,” என்றார் அண்ணன்.

கூட்டம் அப்போதே ஒத்துக்கொண்டது. அந்த போனட்டு மூடியிருந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

பிறகு நடந்த வேகத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். டயர், பிரேக், சீட்டு எல்லாம் திருவிழாவுக்குள் முடிந்துவிட்டன. காரை வெளியே இழுத்துச் சுவரை அடைத்தார். ஸ்டார்ட் செய்தபோது புதுப் பெயிண்டு சூடாகிப் புகைந்து நாறியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

திருவிழா அன்று போனட்டின் மேல் பலகை கட்டி, பூப்பந்தல் போட்டு, ஆத்தாவை ஏற்றினார்கள். அண்ணன் வெள்ளை வேட்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணி, கல்யாணப் பட்டுச் சேலையில். பூப்பந்தல் மறைத்ததால் அண்ணனுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை, கங்காணிதான் முன்னே நடந்து வழிகாட்டினார். வீட்டுக்கு வீடு ஆத்தாவின் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், சிலர் பாலும் ஊற்றினார்கள். போனட்டில் காற்றுக்காக வெட்டியிருந்த கீற்றுகள் வழியாக அத்தனையும் உள்ளே இறங்கியது. காரோடு நடந்துகொண்டே குனிந்து சொன்னேன்.

“அண்ணே, எல்லாம் இன்ஜின் மேல எறங்குது. நிறுத்தித் தொடச்சிட்டுப் போலாமா?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணி கதவில் கையை வைத்துக்கொண்டு, தினமும் தான் கொழுந்து எடுக்கும் மலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பேசாம வா கிராணி. நிறுத்துனா முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு இவ எறங்கிருவா,” என்றார் அண்ணன்.

கோயில் வாசலுக்கு வந்ததும் ஆத்தாவை இறக்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை, அண்ணியை இறங்க விடவும் இல்லை. போனட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், காரைத் தானா ராத்தா டவுன் பக்கம் திருப்பினார். அடியில் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. தலைவலிக்காக நான் அந்த மனிதரைத் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் இரண்டு பேரும் வளைவு தாண்டிப் போய்விட்டார்கள்.