மேகத்தில் குறை கண்டவர்

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் மனுசனுக்கு எரிச்சல் மூட்டுவதில் ‘பொறுங்கண்ணே’யை மிஞ்ச இன்னொரு ஆள் பிறக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து ஊமைப்படம் பிடிக்க வந்தவர். வயசு இருபத்தஞ்சு இருக்கும். எனக்கு நாற்பது. என் மாட்டுவண்டியைத்தான் அமர்த்தினார். எதைக் கேட்டாலும் ‘பொறுங்கண்ணே’ என்பார். அதுவே பேராகிவிட்டது.

ஒரு காட்சிதான் பாக்கி. மேகமலை உச்சியிலிருந்து மேகம் வழிந்து இறங்கணும். பிலிம் ஒரே டப்பா. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் படம் பிடிக்கிற மிஷினை அனுப்பிவிடு, இனி உனக்குப் படமே கிடையாது என்று முதலாளி தந்தி அடித்துவிட்டார்.

ஆள் பதற வேண்டாமா? அடிவாரக் கண்மாய்க் கரையில் சம்மணம் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

திங்கள்கிழமை மேகம் இறங்கியது.

“தம்பி, வந்துருச்சு. பிடிங்க.”

“இது அவசரப்படுது. பொறுங்கண்ணே.”

செவ்வாய்க்கிழமையும் இறங்கியது.

“இது மனசில்லாம வருதுண்ணே.”

“கூட வந்தவுக எல்லாம் ஊருக்குப் போய்ட்டாக. நீங்க மேகத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி கொறை சொல்றீக.”

சிரித்தார். அவ்வளவுதான்.

சும்மா இருந்த என்னையும் விடவில்லை. பிலிம் போடாத மிஷினைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். நொடிக்கு ரெண்டு சுற்று, ஒரே சீராக. புதன், வியாழன் பூரா சுற்றினேன்.

“கண்ணு எங்கண்ணே இருக்கு?”

“மாட்டு மேல.”

“மலையைப் பாருங்க. கை தானா நிதானப்படும்.”

களையெடுத்துத் திரும்பிய பெண் ஒருத்தி நின்று பார்த்தாள். “என்னண்ணே, செக்குல மாட்டைக் கட்டாம நீயே சுத்துற. எண்ணெய் வருதா?”

நான் மலையைப் பார்த்தபடியே சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மலைக்காய்ச்சல். போர்வை, சாக்கு எல்லாம் போர்த்தியும் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போது பார்த்து, பால் பொங்கி வழிகிற மாதிரி மெதுவாக உச்சியைத் தாண்டியது மேகம்.

“இதுதாண்ணே,” என்று பிலிமைப் போட்டுக் கைப்பிடியைத் தொட்டார். கை உதறியது.

“நீங்க சுத்துங்க.”

“கெட்டுப்போச்சுன்னா?”

“கெடாதுண்ணே.”

டப்பா தீரும்வரை சுற்றினேன். திரும்பினால், கண்ணை மூடிச் சுருண்டு கிடக்கிறார். அஞ்சு நாள் காத்துக் கிடந்த மேகத்தை அந்த மனுசன் பார்க்கவே இல்லை.

அள்ளி வண்டியில் போட்டு உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பிழைத்துக்கொண்டார். காட்சியும் பிலிமில் ஆடாமல் விழுந்திருக்கிறது என்று பிறகு கடுதாசி போட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒருதரம் முனகினார். “எப்படி இருந்துச்சுண்ணே?”

நான் வாய் திறக்காத ஆள். என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்த மேகம் எந்தப் பாறையில் தட்டிப் பிரிந்தது, எங்கே மறுபடி ஒண்ணு சேர்ந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் தூங்கிவிட்டது தெரிந்தும் நிறுத்தவில்லை.