லாபத்தில் முடிந்த படிக்கட்டு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர் இரண்டையும் தனித்தனியாகத்தான் செய்திருப்பார். ஒரே மூச்சில் இரண்டிலும் இறங்கியவன் என்ற முறையில், அந்தப் பழமொழியில் மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

கள்ளக்குறிச்சியில் தேரடிக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்பாதி ஓடு, பின்பாதி அப்பா காலத்தில் போட்ட காங்கிரீட் தளம். அதில் நானும் அம்மாவும் மட்டும். சின்னசேலத்தில் பெண் பார்த்தோம். தமிழரசியை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. (அவளுக்கு என்னைப் பிடிக்கக் கொஞ்ச நாள் போனில் பேச வேண்டியிருந்தது.) அவள் அப்பா மக்காச்சோளம் போடுகிற விவசாயி. அதிகம் பேச மாட்டார். பேசியது இவ்வளவுதான்:

"கூடத்துல பாய் விரிச்சிப் படுக்கறதுக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன். தனியா ஒரு ரூம் போடுங்க. வந்து பாத்துட்டுத் தேதி வெக்கலாம்."

அதனால் பின்பாதித் தளத்தின் மேல் ஓர் அறை கட்டுவது என்று முடிவானது. அறை பிடிக்காவிட்டால் பெண் இல்லை.

கொளஞ்சி மேஸ்திரியைப் பிடித்தேன். நான் செல்போனில் வரைந்து வைத்திருந்த பிளானைக் காட்டினேன். மூலையில் சிக்கனமாக ஓர் இரும்புச் சுழல்படி, மேற்கே கல்வராயன் மலை தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல். அவர் போனை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படம் நல்லா இருக்குது தம்பி. அத நீங்களே வெச்சிக்கோங்க. வூட்ட நான் கட்டிக்கிறேன்."

இப்படிப் பேசுகிற ஆளுக்கு வேலை தெரியாமல் இருக்காது என்று நம்பினேன். அந்த வயதில் யார் சத்தமாகப் பேசினாலும் நம்பிவிடுவேன்.

ஜன்னல் வந்தது. சுழல்படி வரவில்லை. வீட்டை ஒட்டி நீளமாகக் கிடந்த சந்தில் செங்கல்லும் சிமெண்டுமாகப் படிக்கட்டு கட்ட ஆரம்பித்தார். படிக்கட்டு விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், அதற்கடுத்தது லாபம் என்று எண்ணிக்கொண்டே போய், கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். முடிந்தபோது நஷ்டத்தில் வந்து நின்றது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு, ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்து மறுபடி கட்டினார். இந்த முறை லாபம். படிகள் குழந்தைகூட ஏறுகிற அளவுக்குத் தாழ்வாகவும், சந்தின் வாசல்வரை நீண்டும் இருந்தன. நானும் எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பெண் வீட்டார் அறையைப் பார்க்க வருகிற அன்று காலையிலேயே பால் காய்ச்சிவிடலாம் என்றார் அம்மா. அதற்குப் பசுவும் கன்றும் வர வேண்டும். எதிர்வீட்டு அஞ்சலை அக்கா தன் செவலைப் பசுவுக்குக் கொம்பில் பூச்சுற்றி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் சரிகைத் துண்டு கட்டிக் கன்றோடு கூட்டி வந்தார். வாசலிலேயே பூஜையை முடித்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் எண்ணம். கொளஞ்சி குறுக்கே வந்தார்.

"இன்னாங்கம்மா நீங்க. கீழ இருக்கறது பழைய வூடு. புதுசு மேல இல்ல இருக்குது? மாடு அங்கதான் கால் வெக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாடிப்படி ஏறும் பசு எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "ஏத்துங்க" என்றேன். அஞ்சலை அக்கா வாழைப்பழத்தைக் காட்டிக்கொண்டே முன்னால் போக, செவலை அந்த லாபகரமான படிகளில் ஒய்யாரமாக ஏறியது. நான் வீடியோ எடுத்துச் சின்னசேலத்துக்கும் அனுப்பினேன். பூஜை முடிந்தது. செவலை புதுத் தரையில் சாணம் போட்டது. நல்ல சகுனம் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தோம். செவலை படிக்கட்டின் மேல்படியில் வந்து நின்று, கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, அறைக்குள் திரும்பிப் போய்விட்டது. வாழைப்பழம் காட்டினோம், வாங்கித் தின்றுவிட்டு நகர மறுத்தது. கன்றைக் கீழே கட்டிக் கத்தவிட்டோம். செவலையும் மேலிருந்தே பதில் கொடுத்தது.

"ஏறும்ங்க. எறங்காது" என்றார் அஞ்சலை அக்கா.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ ஏத்தத்தான சொன்ன தம்பி. எறக்கறதப் பத்தி எங்கிட்ட யாரும் கேக்கலியே."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சின்னசேலத்துக் கார் வந்து நின்றது.

தமிழரசியின் அப்பா கூட வந்த சொந்தங்களைக் கீழே உட்காரவைத்துவிட்டுத் தனியாக மேலே ஏறினார். நான் பின்னாலேயே போனேன். கல்வராயன் மலை தெரியும் என்று நான் பெருமையடித்திருந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு செவலை நின்றிருந்தது. மலையை அதுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது எம்பொண்ணுக்குக் கட்டின ரூமா, மாட்டுக்குக் கட்டின கொட்டாயா?"

கல்யாணம் போயிற்று, அதுவும் ஒரு மாட்டால் போயிற்று என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கொளஞ்சி கீழே இருந்தபடி, "தாராளமான ரூமுங்க" என்று குரல் கொடுத்தார். அவரை அப்படியே படிக்கட்டோடு சேர்த்துப் பூசிவிடலாம் போல இருந்தது.

அப்போது புது ஆள் யாரென்று பார்ப்பதற்காகச் செவலை திரும்பியது. கொம்பு சுவரில் படவில்லை, வால் அலமாரியில் இடிக்கவில்லை. முழு வட்டமாகச் சுற்றி வந்து அவர் கையை மோந்து பார்த்தது. அவர் அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தபடி அறையை நாலாபுறமும் பார்த்தார்.

"மாடே எங்கயும் இடிக்காமத் திரும்புது. எம்பொண்ணு தாராளமா இருப்பா" என்றார். அப்புறம் படிகளைப் பார்த்தார். "மொதல்ல இத எறக்கற வழியப் பாருங்க."

கீழே இருந்தவர்களையும் மேலே வரச்சொல்லி, அங்கேயே தாம்பூலம் மாற்றித் தேதி வைத்தார்கள். (செவலை ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டது.)

இறக்குகிற வழியையும் கொளஞ்சியே கண்டுபிடித்தார். மிச்சமிருந்த செங்கல் துண்டுகளைப் படிகளில் நிரப்பி, மேலே கலவையைக் கொட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாக மெழுகினார். குளம்பு வழுக்காமல் இருக்கக் கரண்டியால் குறுக்கே கோடு கோடாகக் கீறினார். இத்தனை நாள் எண்ணி எண்ணிக் கட்டிய லாபமும் நஷ்டமும் ஒன்றாக மூடிப்போயின.

"ரேம்புங்க தம்பி. பெரிய ஆஸ்பத்திரில இதான் வெச்சிருக்கான். ராத்திரி இறுகட்டும், காலைல எறங்கிடும்."

அப்படியாக, எனக்கும் தமிழரசிக்கும் என்று கட்டிய அறையில் முதலிரவைச் செவலை கழித்தது. அதுவரை எனக்கு வாங்கிக்கொடுக்க மறுத்த டேபிள் ஃபேனை அம்மா அன்றே வாங்கிவந்து அதற்குப் போட்டுவிட்டிருந்தார். மறுநாள் காலை அது கோவில் யானை மாதிரி அடிமேல் அடி வைத்து இறங்கிக் கன்றிடம் போனது.

சரிவை இடித்துப் படிகளை மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். கல்யாணத்துக்கு வந்த மாமனார் முட்டிவலி இல்லாமல் ஏறிய ஒரே மாடி அதுதான் என்பதால், அதில் கை வைக்க அவர் விடவில்லை. கொளஞ்சி இப்போது ஊரெல்லாம் இதைத் தன் சொந்த டிசைன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

தமிழரசி புதுப்பெண்ணாக அந்தச் சரிவில் ஏறும்போது, எதிர்வாசலில் நின்ற அஞ்சலை அக்கா, "ஏறிடுவ கண்ணு, எறங்கறதுதான் கஷ்டம்" என்றார். அன்றைக்கே தமிழரசி முழுக் கதையையும் என்னிடம் கேட்டு வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செவலைக்குப் பெயர் மூத்தவள். சண்டை வந்தால், "போய் மூத்தவளக் கூட்டியாந்து வெச்சிக்கினு குடும்பம் நடத்து" என்பாள். மாட்டுப் பொங்கலுக்கு முதல் இலை எதிர்வீட்டுச் செவலைக்குத்தான் போகும். நான் பசியோடு உட்கார்ந்து ஏனென்று கேட்டால், பதில் தயாராக இருக்கும்.

"மொதல்ல அக்கா சாப்புடட்டும். அந்த ரூம எங்கப்பாவுக்குப் புடிக்க வெச்சது அவங்கதான, நீயா?"