பிள்ளையார் வந்தார், மணி அடித்தது, எழுத்து வரவில்லை

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சாட்சிகள் இருக்கிறார்கள்: கடுகண்ணாவையில் ஒரு சாத்திரியார், வீதித் தடையில் நின்ற ஓர் இராணுவ அதிகாரி, அன்று என்னோடு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட அத்தனை சனம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வத்தேகமயிலிருந்து தினமும் பஸ் ஏறி, கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த கணினிக் கம்பனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். (கம்பனி என்றால் முதலாளியும் நானும், கீழேயிருந்து வரும் கொத்துரொட்டிச் சத்தமும்.) முதலாளி சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்தார். எதையும் ஒரு தடவைதான் கேட்பார். நான் அங்கே தற்காலிகம். கடுகண்ணாவைச் சாத்திரியாருக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்று செய்திருந்தோம். அது அவருடைய கணினியில் ஒழுங்காக ஓடினால் என் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் மாமா கடையில் வெங்காயம் நிறுக்கப் போகவேண்டியதுதான்.

மென்பொருளை எழுதினால் மட்டும் போதாது, பொதிகட்டவும் வேண்டும். அதற்கு மனிஃபெஸ்ட் என்று ஒரு சின்னக் கோப்பு. இந்தப் படம், இந்தச் சத்தம், இந்த எழுத்துரு என்று அதில் எழுதிவைத்துக் கட்டளை கொடுத்தால், கணினி அவற்றையெல்லாம் மென்பொருளோடு சேர்த்து ஒரே பொதியாக்கிவிடும். எழுதாததைத் திரும்பியும் பார்க்காது.

இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, தேவையானது எல்லாத்தையும் மனிஃபெஸ்டில எழுதினனியோ?" என்று அண்ணை ஒரே தடவை கேட்டார்.

"எழுதிட்டேண்ணே."

எழுதித்தான் இருந்தேன். பிள்ளையார் படம், தொடக்கத்தில் அடிக்கும் கோயில் மணி, நவக்கிரகப் படங்கள். தமிழ் எழுத்துருவை மட்டும் விட்டுவிட்டேன். என் கணினியில்தான் தமிழ் அழகாகத் தெரிகிறதே, தமிழ் தெரிந்த மென்பொருளுக்கு எதற்கு எழுத்தைக் கட்டிக்கொடுப்பது? (அந்த எழுத்துருவை எப்போதோ என் கணினியில் நானேதான் போட்டுவைத்தேன் என்பது மறந்தே போயிருந்தது.) வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்து வைத்திருந்த காலம் அது. பதிவில் பெயரில்லாத சொந்த மச்சானையே இருட்டுவதற்குமுன் பஸ் ஏற்றி அனுப்பிய குடும்பம் எங்களுடையது. எழுத்தில் இல்லாதவன் வீட்டிலும் இல்லாதவன் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதைக் கணினிக்குப் பொருத்திப் பார்க்கத்தான் மூளை வரவில்லை.

பொதியை இறுவட்டில் ஏற்றிக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோனேன். சாத்திரியார் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். அவருடைய கணினியில் இறுவட்டைப் போட்டேன். திரையில் பிள்ளையார் வந்தார். மணி கணீரென்று அடித்தது. சாத்திரியார் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அடேயப்பா, நம்ம கோயில் மணி மாதிரியே இருக்கே! மொத ஜாதகம் ஒங்களோடதே போடுவோம் தம்பி."

பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் கொடுத்தேன். அச்சாகி வந்த தாளில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன. தமிழில் ஒரு சுழி கூட இல்லை.

"தம்பி, இது எந்த ஊரு பாஷை?"

அச்சுப்பொறியைக் கழற்றி மாட்டினேன். வயரை ஊதினேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் வந்தார், மணி அடித்தது, எழுத்து வரவில்லை. சாத்திரியாரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து கும்பிட்டு, கடைசியில் கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்.

"கரண்டு கொறவா வருதுங்க ஐயா."

"கரண்டு கொறஞ்சா வெளிச்சந்தானே கொறயும்? பாஷை மாறுமா?"

"ராகு காலம் ஏதும்..."

"அது என் தொழில். நீங்க ஒங்க தொழிலப் பாருங்க."

கடைசியில், பழக்கதோஷத்தில் அந்தத் தாளிலும் தன் முத்திரையைக் குத்தி, "ஒங்க மொதலாளிகிட்டக் காட்டுங்க" என்று கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் வீதித் தடை. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிப்பாய் என் பையைத் திறந்து தாளை எடுத்தான்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்கிறான்.

"கேந்தரே" என்றேன். ஜாதகம்.

"என்ன மொழி?"

"தமிழ்."

அதைவிட மோசமான பதில் அன்று கிடைத்திருக்காது. அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். தமிழ்ப் பெடியன் ஒருவனின் பையில், யாராலும் வாசிக்க முடியாத கடதாசி. பஸ் சாரதி எஞ்சினை நிறுத்தினார். பக்கத்து இருக்கைக்காரர் வரிசையிலேயே ரெண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"வாசி" என்றார் அதிகாரி.

"வாசிக்க முடியாது, சேர்."

"யாருடைய ஜாதகம்?"

"என்னுடையது."

நான் சிங்களத்தில் மனிஃபெஸ்டை விளக்கத் தொடங்கினேன். (தமிழிலேயே எனக்கு விளங்காத சங்கதி.) பொதியில் எல்லாம் இருக்கிறது, எழுத்து மட்டும் ஏனோ வரவில்லை என்றேன்.

"எழுத்து எங்கே இருக்கிறது?"

"கண்டியில், சேர். என் கணினியில்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கேட்டது. எழுத்து என் கணினியில் இருக்கிறது! என் கணினியில் மட்டும்!

"ஏன் கொண்டுவரவில்லை?"

"மனிஃபெஸ்டில் எழுதவில்லை, சேர்" என்றேன். அந்த நிலையிலும் என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிப்பாய் தோளில் தொங்கிய துவக்கைச் சரிசெய்துகொண்டான்.

அதிகாரி முத்திரையிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்குப் போன் எடுத்தார். சாத்திரியார் என்னவோ நீளமாகச் சொன்னார். அதிகாரியின் வாயோரம் மெல்ல விரிந்தது. பிறகு பெரிதாகவே சிரித்து, தாளைத் திருப்பித் தந்தார்.

"உன் ஜாதகப்படி, கெடுதல் செய்கிற அளவுக்கு உனக்கு மூளை இல்லையாம். போ."

ஒரு ஜாதகம் என் உயிரைக் காப்பாற்றியது அதுதான் முதலும் கடைசியும்.

சிவநேசன் அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். மனிஃபெஸ்டைத் திறந்து ஒரு வரி சேர்த்தார். புது இறுவட்டை நீட்டி, "நாளைக்கும் அதே பஸ்தான்" என்றார். போனேன். எழுத்து வந்தது, வேலையும் நிரந்தரமானது. ஆனால் மனுஷன் இந்தக் கதையை என் கலியாண மேடையில் ஏறிச் சொல்லிவிட்டார். பக்கத்தில் மணப்பெண் கோலத்தில் இருந்த செல்வி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் நாவலப்பிட்டியில் ஒரு கலியாணம். மண்டபத்து அறையில், செல்வி அடுக்கிக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். சட்டை இருந்தது, சால்வை இருந்தது, சீப்புக்கூட இருந்தது. வெளியே மேளம் தொடங்கிவிட்டது.

"செல்வி, வேட்டி எங்க?"

"நீங்க எழுதித் தரலியே."