துண்டுக்கடியில் ஒரு எஞ்சின்

கோயமுத்தூரில் எஞ்சினைப் பற்றித் தெரியாதவன் என்று ஒருத்தனும் கிடையாது. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர்கூட உங்கள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "டைமிங் பாத்துருங்க" என்பார். இப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு எஞ்சினைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது பறக்குமா படுக்குமா என்று சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவர் எஞ்சினியர் இல்லை. லேத்துப் பட்டறைக்காரரும் இல்லை. மாட்டுத் தரகர். இந்த ஒரு விஷயத்தை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. முழுசாக மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், எழுதி முடிக்கும்போது யோசித்துச் சொல்கிறேன்.

அவர் பேர் என்ன என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. தரகர், அவ்வளவுதான். என்னை எல்லாரும் பம்புக்காரர் என்பார்கள். முப்பது வருஷமாகப் பம்புக்கு உதிரி பாகம் கடைகிற பட்டறை வைத்திருக்கிறேன். துடியலூர் தாண்டி, சைட்டுப் போட்டும் விலை போகாமல் கிடக்கிற ஒரு காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சின்ன விமானம் பறக்கவிடுவோம். எல்லாரும் தலை நரைத்தவர்கள். கையில் ரிமோட், மேலே விமானம், வீட்டுக்குப் போனால் பொண்டாட்டி திட்டு. அந்தக் கூட்டத்தில் "எஞ்சினா? பம்புக்காரரைக் கேளுங்க" என்று ஒரு பேச்சு இருந்தது. நான் வாழ்நாளில் வாங்கிய ஒரே பட்டம் அது. சொத்தில் பாதியைக் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனோ என்னவோ, அந்தப் பட்டத்தை விட மனசில்லை.

அதற்கு வேட்டு வைக்கத்தான் தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். என்னைவிட இரண்டு வயசு சின்னவர். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. என் விமானம் மேலே ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார்.

"ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. இதுக்கு மூச்சு எரைக்குதுங்க. இன்னும் ரெண்டு சுத்து வருமுங்க, அப்புறம் நின்னுபோடுமுங்க."

யாருடா இவன் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. விமானம் பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழுந்தது. எண்ணெய் கம்மியாகப் போகும்படி ஊசியை நான்தான் அதிகமாக முறுக்கியிருந்தேன், சூடேறி நின்றுவிட்டது. தரகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடி, விமானத்தைத் தேடி எடுத்து, துண்டால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். திட்டவும் முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒரு மாசத்துக்குள் நம் ஆட்கள் எஞ்சினை ஓடவிட்டு, என்னைத் தாண்டிப் போய் அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் பவானியிலிருந்து ஒருத்தர் போனிலேயே எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார். தரகர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "டேங்குக்குள்ளார டியூப்பு மடங்கிக் கெடக்குது, பாருங்க" என்றார். திறந்து பார்த்தால் மடங்கித்தான் கிடந்ததாம். உலகத்தில் எத்தனையோ டியூப் நேராக இருக்கிறது, அது மட்டும் ஏன் இவர் சொன்னபடி மடங்க வேண்டும்? அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் தரகருக்கே ஆசை வந்துவிட்டது.

"ஏனுங்ணா, நானும் ஒண்ணு பறக்கவுடலாமுன்னு இருக்கறனுங்க. எஞ்சின் எப்படிப் பாத்து வாங்கறதுங்க?"

வயிற்றில் பால் வார்த்தது. அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். எங்கள் எஞ்சின் பெட்ரோல் குடிக்காது, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடிக்கும் என்றேன். பிளக்கை ஒரு பேட்டரியில் சூடாக்கிக் முன்னால் இருக்கிற காத்தாடியை விரலால் சுண்டினால் பற்றிக்கொள்ளும் என்றேன். வாங்கினால் பெரிசாக வாங்கணும், புதுசாக வாங்கணும் என்று முடித்தேன். பவ்யமாகத் தலையாட்டினார்.

"எனக்குச் சின்னதே போதுமுங்ணா. நம்முளுக்கு வேண்டியது வண்டி மாடுங்க. வாடிவாசல்ல அவுத்து உடறதுக்கு இல்லீங்க."

சின்னது என்றால் எங்கள் கணக்கில் 'பதினஞ்சு'. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, பையில் போட்டுக்கொண்டு போகலாம். அந்த வருஷம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வைக்கிற போட்டியும் பதினஞ்சுக்குத்தான். ஒரு டேங்க் எண்ணெயில் யார் விமானம் ரொம்ப நேரம் மேலே நிற்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். என் பட்டத்தைத் திரும்பப் பிடிக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்று எனக்கும் ஒரு பதினஞ்சு தேவைப்பட்டது.

சாய்பாபா காலனியில் ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், மகனோடு இருக்க வெளிநாடு போகிறவர், தன் எஞ்சின்களை எல்லாம் விற்கிறார் என்று தெரிந்து இரண்டு பேரும் போனோம். மேஜையில் பேப்பர் விரித்து ஆறு எஞ்சின்களை வரிசையாக வைத்திருந்தார். தரகர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றின் காத்தாடியையும் ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்பினார். புகை போகிற ஓட்டையை முகர்ந்தார்.

"சாமி, இது எத்தன கை மாறியிருக்குதுங்க?"

பளபளவென்று இருந்த ஒன்றை நான் எடுத்தேன். தரகர் என் காதோரம் வந்தார். "குளிப்பாட்டிக் கொம்பு சீவி நிறுத்தியிருக்குதுங்ணா. திருகாணித் தலையெல்லாம் தேஞ்சிருக்குது பாருங்க, ஊருல இருக்கறவனெல்லாம் அவுத்துப் பாத்திருக்கறான்." பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் அவர் எடுத்தது, காப்பி டிகாஷன் நிறத்தில் பிசின் பிடித்து, காத்தாடி அசையவே அசையாத ஒன்று.

"தரகரே, இது செத்துப்போச்சு" என்றேன்.

"செத்திருந்தா நெறம் வேறயா இருக்குமுங்க. இது வெளக்கெண்ணெ குடிச்சே வளந்துருக்குது. எண்ணெ எறுகிப் போயி மடக்கிப் படுத்திருக்குது, அவ்வளவுதானுங்க. உள்ளார ஒரு பொட்டுத் துரு இருக்காதுங்க."

நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டு, பெட்டியே பிரிக்காத புத்தம் புது பதினஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்தேன். தரகர் அப்படியா செய்வார்? தோள் துண்டை எடுத்துப் பேராசிரியர் கை மேல் போட்டுத் தன் கையை உள்ளே விட்டார். சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், என்ன விலை என்று சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. பாவம், பேராசிரியர் நெளிந்தார்.

"கூச்சமா இருக்குங்க!"

"இருக்கட்டுமுங்க சாமி. இந்த வெரலுக்குச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம் துண்டு மட்டும் ஆடியது. பேராசிரியர் முகத்தில் ஒரு சிரிப்பு, தரகர் முகத்தில் ஒரு சிரிப்பு. முடிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் கேட்டேன். "என்ன வெலைக்கு முடிச்சீங்க?"

"துண்டுக்கடியில பேசுனதுங்ணா. வெளிய சொல்லப்படாதுங்க."

இரண்டு வாரம் எனக்கு அதே நினைப்பு. இருநூறா, ஐந்நூறா, சும்மாவே வாங்கிவிட்டானா? பேராசிரியருக்கே போன் போட்டேன். அந்த மனுஷரும் சிரித்துக்கொண்டு, "அது வெளியே சொல்லக்கூடாதாமே" என்றார்.

அந்தச் செத்த எஞ்சினைத் தரகர் தன் வீட்டு இட்லிப் பானையில் வைத்து வேக வைத்திருக்கிறார். பிசின் இளகி, எண்ணெய் விட்டதும் காத்தாடி வெண்ணெய் மாதிரி சுற்றியதாம். அவர் வீட்டு அம்மணி ஒரு வாரம் பேசவில்லையாம், இட்லியெல்லாம் விளக்கெண்ணெய் வாசம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். என் புது எஞ்சினையும் திருப்பினேன். உள்ளே பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் கீச்சென்று கத்திக்கொண்டு இறுக்கிப் பிடித்தது.

"எளங்கன்னு அப்படித்தான் மொறைக்குமுங்ணா" என்றார் தரகர். "ஓடிச் சூடாச்சுன்னா தானா எளகிக்குமுங்க. கை வெச்சுப்போடாதீங்க."

மாட்டுத் தரகர் எனக்கு எஞ்சின் சொல்லித் தருகிறாரா? சனிக்கிழமை மத்தியானம் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எது இறுக்கமாக இருந்தாலும் ஒரே வைத்தியம்தான். இரும்பை அராவுகிற லேப்பிங் பேஸ்ட் தடவித் தேய். முப்பது வருஷமாகப் பம்பில் அதைத்தான் செய்கிறேன். சிலிண்டரில் பேஸ்ட் தடவினேன், தேய்த்தேன், கழுவினேன், மாட்டினேன். ஆகா, காத்தாடியைத் தொட்டால் போதும், தானாகச் சுற்றியது. தரகருடையதைவிட லேசு. வீட்டுக்குப் போய் இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன்.

போட்டி நாள். நான்தான் முதலில். பிளக்கைச் சூடாக்கிக் காத்தாடியைச் சுண்டினேன். சும்மா சுற்றியது. மறுபடி சுண்டினேன். ஐம்பது தடவை, நூறு தடவை. விரல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது, எஞ்சினில் ஒரு இருமல்கூட வரவில்லை. மேலே இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த எஞ்சினுக்கு உயிர். அந்த இறுக்கத்தில்தான் காற்று அழுந்தும், அழுந்தினால்தான் பற்றும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே அது எழுதியிருந்ததாம். பட்டறைக்காரன் எவன் தாளைப் படிப்பான்? புது எஞ்சினைத் தேய்த்துத் தேய்த்துக் கொன்றிருக்கிறேன் என்பது நூறாவது சுண்டலில் எனக்கே உறைத்தது.

எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். "என்னாச்சுங்க பம்புக்காரரே?"

 உண்மையைச் சொன்னால் அன்றோடு பட்டமும் போச்சு, மானமும் போச்சு. "பிளக்கு போயிருச்சு போல" என்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தரகர் வந்தார். குனிந்து, என் எஞ்சினின் காத்தாடியை ஒற்றை விரலால் ஒரு திருப்புத் திருப்பினார். நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. விரல் பட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் அவர் மேல் பட்ட பொறாமைக்கெல்லாம் சேர்த்து வாங்கப்போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றார் சத்தமாக. "பிளக்குத்தானுங்க போயிருச்சு. அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க."

கூட்டம் கலைந்துவிட்டது. அவருடைய டிகாஷன் நிற எஞ்சின் இரண்டாவது சுண்டலில் பற்றிக்கொண்டது. மற்றவர்கள் விமானமெல்லாம் இறங்கி, நாங்கள் போண்டா தின்று முடித்தும் அவர் விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அன்று முதல்முறையாக, எதற்காக எரிகிறது என்று சரியாகத் தெரியவில்லை. அவர் ஜெயித்ததற்கா, என்னைக் காட்டிக் கொடுக்காததற்கா?

சித்திரையில் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை.

"ஏனுங்ணா, மக ஊட்டுப் பக்கமே போயர்லாமுன்னு இருக்கறமுங்க. ஆனைமலைங்க. அக்கட்ட எங்க பாத்தாலும் தென்னந்தோப்புங்க, பறக்கவுட எடமில்லீங்க. இதைய நீங்க வெச்சுக்குங்க."

மூட்டையை அவிழ்த்தார். அந்தப் பதினஞ்சுதான். 

"வெல சொல்லுங்க தரகரே. சும்மா வாங்கமாட்டேன்."

"சும்மா யாருங்க குடுக்கறா?" என்று சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்து என் கை மேல் போட்டார். உள்ளே அவர் கை வந்தது. எந்த விரலைப் பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். எந்த விரலையும் பிடிக்கவில்லை. பேஸ்டும் கிரீசும் ஏறிய என் கையை முழுசாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"சரிங்களாண்ணா?"

"சரிங்க" என்றேன். 

இப்போது எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அந்த எஞ்சின் மேல் ஒரு கண். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்காதவர் பாக்கியில்லை. துண்டுக்கடியில் பேசினதுங்க, வெளியே சொல்லப்படாது என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வயிறும் கொஞ்சம் எரியட்டும்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டீர்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓடவிட்டு, ஆனைமலைக்குப் போன் போட்டு, சத்தம் கேட்கும்படி பக்கத்தில் காட்டுகிறேன். அதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது ஊசியை வேண்டுமென்றே கால் சுற்று தப்பாக முறுக்கிவிடுகிறேன். "ஏனுங்ணா, மூச்சு எரைக்குதுங்களே" என்று அவர் கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பறக்கவிடுகிறேன்.